ஆறு வருடத்து நாற்காலி

பிரிட்லிங்டன்
9 ஜூன் 2014

ஹேசலுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் நீ எந்தக் காலத்திலும் எதையும் பாதி படித்துவிட்டுக் கிழிக்கிறவள் இல்லை. அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறு மாதிரி பேசியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அறுபது முடிந்ததும் அரசாங்கப் பென்ஷன் வந்துவிடும் என்று நம்பி வேலையை விட்டிருக்கிறாய். இரண்டாயிரத்து இருபது ஜனவரியில்தான் வரும் என்று போனில் எவளோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அந்த அடியோடு என் வீட்டுக்கு வந்தவளுக்கு முதலில் டீ கொடுத்திருக்க வேண்டும். நான் புத்திமதி கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஹேசல், நான் சொன்னது பொய்யா? உன் அத்தான் டெட் அறுபத்தைந்து முடிகிற வரை ஐஸ் லாரி ஓட்டினார். இடுப்பு போன பிறகும் ஓட்டினார். ஆணும் பெண்ணும் சமம் என்று ஊரெல்லாம் சத்தம் போட்டவர்கள் நாம்தானே? பென்ஷன் வயசு வரும்போது மட்டும் எங்களுக்கு ஐந்து வருடம் தள்ளுபடி கொடு என்றால் எப்படி? பெண்களுக்கும் அறுபத்தைந்து என்கிற சட்டம் தொண்ணூற்றைந்திலேயே வந்துவிட்டதாம். பேப்பரில் போட்டார்களாம், வீடுவீடாகக் கடிதமும் அனுப்பினார்களாம். வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்திருந்தால் உனக்கு இந்த நிலை வந்திருக்காது. இதைத்தான் சொன்னேன். சொன்ன விதம் தப்பு. விஷயம் தப்பில்லை.

எனக்கு அறுபதிலேயே வந்ததைக் குத்திக் காட்டினாய். நான் ஐம்பதாம் வருடம் பிப்ரவரியில் பிறந்தேன், நீ ஐம்பத்துநான்கு மே மாதம். அம்மா என்னைக் கேட்டா பெற்றாள்?

உன் குடையை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டாய். டெட் அதை வைத்துத் தக்காளிச் செடிக்கு நிழல் கட்டியிருக்கிறார். வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்.

தெல்மா


கிரிம்ஸ்பி
20 ஜூன் 2014

திருமதி தெல்மா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை இன்னும் கோபம் வந்தது.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்லத்தான் வந்தேன், நீ சொல்லவிடவில்லை.

என் பிறந்தநாள் வந்த வாரம் வெள்ளிக்கிழமை, நான் மீன் அரிகிற கூடத்தில் எனக்கு வழியனுப்பு விழா. ஹாடாக் மீன் வடிவத்தில் கேக், கண்ணுக்கு ஒரு செர்ரிப்பழம். மேஸ்திரி கிளைவ் பேசினார். பதினைந்து வயதில் கத்தியைப் பிடித்தவள், நாற்பத்தைந்து வருடத்தில் இரண்டே முறைதான் விரலை வெட்டிக்கொண்டாள் என்றார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மடக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கித்தான். "இனிமே நிக்கவே கூடாது, உக்காந்துகிட்டே இருக்கணும்" என்று கூட வேலை செய்கிற மேவிஸ் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். நாற்பத்தைந்து வருடம் ஐஸ் தண்ணீரில் நின்றவளுக்கு நாற்காலி கொடுத்தால் அழாமல் என்ன செய்வாள்?

திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை, பென்ஷன் ஃபாரம் ஏன் வரவில்லை என்று போன் போட்டேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீன் கூடத்து வாசலில் போய் நின்றேன், தெல்மா. என் கொக்கியில் அதற்குள் வேறு யாரோ ஏப்ரனை மாட்டியிருந்தார்கள்.

"என்ன ஹேசல், எதையாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?" என்றார் கிளைவ்.

"ஆமா. அஞ்சரை வருஷத்தை."

அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நாற்காலியைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன், பரிசு வாங்கியவள் திரும்பி வருவது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது எனக்கு. மேவிஸ் விடவில்லை. "கேக்கைத்தான் தின்னு தீத்தாச்சே, அதை மட்டும் எங்கேயிருந்து திருப்பித் தருவே? பேசாம உள்ளே வா" என்றாள். நாற்காலியை டீ குடிக்கிற அறையில் விரித்துப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் உட்காருகிறார்கள். நான் உட்காருவதில்லை. பென்ஷன் வருகிற நாளில்தான் அதில் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன்.

சமம் என்றாயே. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து மேசையில் நின்ற ஆர்தர் அதே மீனை, அதே கத்தியால், என்னைவிட மெதுவாக அரிந்தான். அவனுக்கு என்னைவிட அதிகக் கூலி. ஆறு வருடம் கழித்து, சட்டம் வந்த பிறகுதான் சமமாக்கினார்கள். கம்பெனி பென்ஷனில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது அதற்கும் பல வருடம் கழித்து. கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் சமம் நொண்டிக்கொண்டு வந்தது. எடுக்கிற இடத்துக்கு மட்டும் ஓடி வந்துவிட்டது. வயதைக் கூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கூட்டு என்கிறேன். கடிதம் அனுப்பினார்களாம்! எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

இது எல்லாவற்றையும்கூட மன்னித்துவிடுவேன். நான் தெருவில் இறங்கி நடக்கும்போது நீ வாசலில் நின்று கையசைத்தாய். கப்பலுக்குப் போன அப்பாவுக்கு அம்மா ஒரு நாளாவது கையசைத்திருக்கிறாளா? போகிறவரைப் பார்த்துக் கையசைத்தால் அலை வந்து கொண்டுபோய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவாள். அந்த வீட்டில் பிறந்த நீ, என்னைப் பார்த்துக் கையசைத்தாய்.

குடையை டெட்டே வைத்துக்கொள்ளட்டும்.

ஹேசல்


பிரிட்லிங்டன்
14 மார்ச் 2016

ஹேசலுக்கு,

இரண்டு கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு வந்தது, இரண்டிலும் உன் பெயர் மட்டும். அதுவும் வந்ததே என்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும், நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை சர்ச் மண்டபத்தில் பெண்கள் கூட்டம். பென்ஷன் வயதைக் கூட்டியதைப் பற்றி. எனக்கென்ன அங்கே வேலை, எனக்குத்தான் அறுபதில் வந்துவிட்டதே என்றேன். "உன் தங்கச்சிக்கு வரலையே" என்றார் டெட். சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அதனால் போனேன்.

மண்டபம் நிறைய உன் வயதுப் பெண்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், மாமியாரைத் தூக்கித் தூக்கி முதுகு போனவள். ஒவ்வொருத்தியும் எழுந்து தனக்கு எப்போது தெரிந்தது என்று சொன்னாள். கூட்டத்தை நடத்திய அம்மாள் கையில் ஒரு தாள். ஐம்பத்துமூன்று கடைசியிலும் ஐம்பத்துநான்கிலும் பிறந்தவர்களுக்குக் கடிதம் அனுப்பியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் என்று வாசித்தாள்.

பன்னிரண்டு என்றதும் அந்தத் தாளை வாங்கி நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அந்த வருடம் நீ எங்கே இருந்தாய், ஹேசல்? உன் புருஷன் ரோனியை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து, வருடம் பூராவும் என் வீட்டு மாடியறையில் இருந்தாய், நாங்களும் அப்போது கிரிம்ஸ்பியில்தானே இருந்தோம். துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அந்த மனுஷன் ஆபீஸின் பழுப்பு உறையிலேயே, முகவரியைத் தட்டச்சு செய்து, வாரத்துக்கு இரண்டு கடிதம் போடுவான். ஒன்றில் கெஞ்சுவான், அடுத்ததில் திட்டுவான். முதல் இரண்டைப் படித்துவிட்டு நீ சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். "பழுப்பு உறை எது வந்தாலும் என் கண்ணுல காட்டாதே, திருப்பி அனுப்பிடு" என்றாய். நான் அப்படியே செய்தேன். சிவப்புப் பேனாவால் 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று எழுதி, மூலையில் இருந்த தபால் பெட்டியில் போட்டேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

அரசாங்கத்து உறையும் பழுப்புதான்.

அதில் ஒன்று அந்தக் கடிதமாக இருந்திருக்கும். வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும் என்று உனக்குப் புத்தி சொன்னேனே, அதைத் திருப்பி அனுப்பியவளே நான்தான். நீ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நின்றதற்கு நான்தான் காரணம்.

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று மட்டும் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன்.

தெல்மா


பிரிட்லிங்டன்
2 மே 2016

ஹேசல்,

ஏழு வாரமாகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுது. டெட் தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறார், பிறகு வெறும் கையோடு உள்ளே வந்து கெண்டியை அடுப்பில் வைக்கிறார். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அப்பாவுக்குப் பிறகு, அம்மாவுக்குப் பிறகு, எனக்கு இருப்பது நீ ஒருத்தி.

தெல்மா


கிரிம்ஸ்பி
11 ஜூலை 2016

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு பெட்டி மீனை முள்ளோடு பாக்கெட்டில் போட்டுவிட்டேன். கிளைவ் பெட்டியைத் திருப்பி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஒரு வாரம் கோபம், அதற்கடுத்த வாரம் அழுகை. மூன்றாவது வாரம் மேவிஸ் கேட்டாள், "உங்க அக்கா திருப்பி அனுப்பினது அந்தக் கடுதாசிதான்னு யாரு சொன்னா? கேட்டுப் பாத்தியா?"

கேட்டேன். பென்ஷன் ஆபீஸுக்கு எழுதினேன். எனக்கு எந்தத் தேதியில், எந்த முகவரிக்குக் கடிதம் போட்டீர்கள் என்று. பதினோரு வாரம் ஆயிற்று. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. பாதி தெரிந்துகொண்டு மன்னிக்கவும் முடியவில்லை, பாதி தெரிந்துகொண்டு திட்டவும் முடியவில்லை. உன்னைத் தவிக்க விட்டது தப்புதான், ஆனால் நீயும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று ஒரு மூலையில் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பதில் வந்தது. பழுப்பு உறையில்! பழக்க தோஷம், குப்பைக் கூடை வரை கை போய்விட்டது.

அக்கா, நீ திருப்பி அனுப்பியதில் அது இல்லை. அவர்கள் உன் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. நான் வீடு மாறியதை ஆபீஸுக்குச் சொல்லவே மறந்திருக்கிறேன். கடிதம் போனது ரட்லண்ட் தெருவுக்கு. ரோனி வீட்டுக்கு.

நான்கு வருடம் கழித்து அந்தப் படியில் ஏறினேன். ரோனிக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

"எனக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சா? ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல?"

"வந்துச்சே."

"எங்கே?"

"மேசைக்கு அடியில."

சமையலறை மேசையின் ஒரு கால் எப்போதும் ஆடும், உனக்கு நினைவிருக்கும். அதற்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தான். பிரிக்கவே இல்லை. ஏன் எனக்குக் கொடுத்து அனுப்பவில்லை என்று கேட்டதற்கு என்ன சொன்னான் தெரியுமா? "நான் எது அனுப்பினாலும்தான் செவப்பு மையில யாரும் இல்லேன்னு எழுதித் திரும்பி வந்துச்சே! அதுக்கு மேல நான் என்ன பண்றது? அடுத்தவங்க கடுதாசியைப் பிரிக்கிற ஆளு நானில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உறையை உருவியதும் மேசை ஆடி அவன் டீ கொட்டியது. அங்கேயே பிரித்துப் படித்தேன். ஒரே ஒரு தாள். உங்கள் பென்ஷன் தேதி மாறியிருக்கிறது, இன்ன தேதி. அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அன்றைக்கே இதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேக்கும் நாற்காலியும் அந்தப் புதன்கிழமையும் மிச்சமாகியிருக்கும். மானம் மிச்சமாகியிருக்கும். வருடங்கள் மிச்சமாகியிருக்காது. அறுபதுக்கு இரண்டே வருடம் இருக்கும்போது ஒரு தாள் வந்து என்ன பிரயோஜனம்? மீன் அரிகிறவள் இரண்டு வருடத்தில் வேறென்ன ஏற்பாடு செய்துகொள்வாள்? என் வருடங்களை எடுத்தது நீ இல்லை. ரோனியும் இல்லை, பாவம், அவன் மேசைக்கு முட்டுக் கொடுத்ததோடு சரி. எடுத்தவர்கள் எடுத்துவிட்டு, சொன்னோமே என்கிறார்கள்.

அதனால் தூங்கு. இன்றைக்கே தூங்கு. நான்கு மாதம் முழித்தது போதும்.

வலது கை மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனது, அதுதான் எழுத்து இப்படிக் கோணல். கத்தியிலிருந்து பாக்கெட் போடுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். போன் செய்யாதே, கடிதமே எழுது. கடிதத்தில் நீ நல்லவளாக இருக்கிறாய்.

உன் தங்கை
ஹேசல்


பிரிட்லிங்டன்
15 ஜூலை 2016

என் ஹேசலுக்கு,

வயிற்றில் பாலை வார்த்தாய். வாசலிலேயே நின்று படித்தேன். 'அக்கா' என்ற முதல் வார்த்தையிலேயே கண்ணீர் மறைத்துவிட்டது. டெட் பதறிப்போய், "யாரு போயிட்டாங்க?" என்றார். "யாரும் போகலை, திரும்பி வந்துட்டா" என்றேன். மேசைக்கால் கதையைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவள் காலை எட்டுக்குத்தான் எழுந்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது என்பது நியாயம்தான் என்று இன்னமும் நினைக்கிறேன். டெட்டின் இடுப்பும் இடுப்புதானே. ஆனால் நியாயத்தைக்கூட இப்படித் தலையில் போடக் கூடாது. எனக்கும் உனக்கும் நான்கு வயது வித்தியாசம். பென்ஷன் கைக்கு வருவதில் பத்து வருடம். இதை எந்தக் கணக்குப் பிள்ளையும் எனக்குச் சரியென்று விளக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை இதை நான் யோசிக்கவே இல்லை, எனக்கு வந்துவிட்டதால் யோசிக்கத் தோன்றவில்லை. அதுதான் என் தப்பு. சர்ச் மண்டபத்துக்கு இப்போது எல்லா வியாழனும் போகிறேன். தட்டி எழுதுகிறேன், சிவப்பு மையில். அந்த எழுத்து எனக்கு நன்றாகப் பழகியிருக்கிறது.

கையசைத்ததற்கு மன்னித்துவிடு. உன்னைக் கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன், சத்தியமாக. நீ திரும்பிப் பார்த்த நேரத்தில் முறைத்தாய், கை அப்படியே ஆடிவிட்டது.

அக்கா


கிரிம்ஸ்பி
20 ஜனவரி 2020

அக்கா,

வந்துவிட்டது! ஆறாம் தேதி திங்கள்கிழமையிலிருந்து நான் பென்ஷன்காரி. வயது அறுபத்தைந்தும் ஏழு மாதமும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. ஏமாந்தவள் ஒரு தடவைதான் ஏமாறுவாள். பென்ஷன் உறுதி என்று ஆபீஸ் தாள் கைக்கு வந்து, அதை மேவிஸ் ஒரு தடவை, கிளைவ் ஒரு தடவை வாசித்த பிறகு, போன வெள்ளிக்கிழமைதான் ஏப்ரனைக் கழற்றினேன். மறுபடியும் கேக். இந்த முறை ஹாடாக்குக்கு இரண்டு கண்ணும் இருந்தது. "திரும்பி வந்தே, கதவைத் திறக்க மாட்டேன்" என்றார் கிளைவ்.

நாற்காலியை எடுத்துக்கொண்டேன். இத்தனை பேர் உட்கார்ந்ததில் கித்தான் நைந்து தொட்டில் மாதிரி தொங்குகிறது. மேவிஸ் பழைய ஏப்ரனை வெட்டி அடியில் ஒட்டுப் போட்டுத் தந்தாள். டீ அறையிலேயே உட்காரு, நாங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். நான் உட்காருகிற இடம் அது இல்லை.

வயதானவர்களுக்கான இலவச பஸ் பாஸும் வந்துவிட்டது. அதையும்தான் பென்ஷனோடு சேர்த்துத் தள்ளிப் போட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு முன்னால் செல்லாதாம், பரவாயில்லை, இத்தனை வருடம் காத்தவள் ஒன்பதரை வரை காக்க மாட்டேனா? வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்புகிறேன். பார்ட்டன் வரை ஒரு பஸ், பாலம் தாண்டி ஹல்லுக்கு ஒன்று, அங்கிருந்து உன் ஊருக்கு ஒன்று. மூன்று டிரைவரும் நாற்காலியைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார்களோ.

ஜனவரிக் குளிரில் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்காருகிற பைத்தியம் யார் என்று உன் ஊர்க்காரர்கள் கேட்டால், என் தங்கச்சி என்று சொல்லு. டெட்டிடம் குடையைத் தயாராக வைக்கச் சொல்.

ஒரு வாரம் இருப்பேன். கிளம்பும்போது கையை மட்டும் தூக்காதே.

ஹேசல்


பிரிட்லிங்டன்
22 ஜனவரி 2020

ஹேசல்,

நாளைக்கே உன் கைக்கு வரட்டும் என்று அதிக ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன்.

குடை தயார். துணி போய்விட்டது, கம்பி நன்றாக இருக்கிறது, டெட் புதுத் துணி போட்டிருக்கிறார். சூப் குடிக்கிற பிளாஸ்கில் டீ, பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், இரண்டு கம்பளி. பக்கத்தில் போட்டுக்கொள்ள எனக்கும் ஒரு நாற்காலி. காலைத் தூக்கி வைக்க உனக்கு ஒரு கவிழ்த்த மீன் பெட்டி.

கிளம்பும்போது கையைத் தூக்க மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன், அம்மா மாதிரி. ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். அப்பாவின் கப்பல் திரும்பி வருகிற நாளில் அம்மா துறைமுக முனைக்கு ஓடிப்போய் நிற்பாள். ஏப்ரனைக் கழற்றி, கை வலிக்க வலிக்க அசைப்பாள். வருகிறவருக்கு அசைக்கலாம். அதற்கு ஒரு தடையும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்பேன். இரண்டு கையையும் தூக்கி அசைப்பேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

அக்கா